சரிவான காட்டில் மாதிரிப் பரப்பு அமைத்து அளப்பது: ஆய்வு மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

மரத்தை அளக்கத் தெரியாததால் கெட்டுப்போன ஆய்வை நான் அதிகம் பார்த்ததில்லை. நாடாவைச் சுற்றி எண்ணைப் படிப்பது அரை நாளில் கைவந்துவிடும். காட்டுக்குப் போகும் முன் முடிவு செய்திருக்க வேண்டியதை அங்கே போய் நின்றுகொண்டு முடிவு செய்வதுதான் பெரும்பாலான ஆய்வுகளைக் கெடுக்கிறது. கணக்கில் விட்ட பிழையை மேசையில் திருத்திக்கொள்ளலாம். சாய்வுக் கோணத்தைக் குறிக்காமல் திரும்பி வந்தால் மறுபடியும் மலை ஏறத்தான் வேண்டும்.

வனவியல், நிலத்தோற்றப் பொறியியல் துறைகளில் முதுகலை அல்லது முனைவர் ஆய்வுக்காக முதன்முறை களத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மலைக்காட்டில் வட்ட வடிவ மாதிரிப் பரப்புகள் அமைத்து, ஹெக்டேருக்கு எத்தனை மரம், எவ்வளவு உயிரித்திரள் (மரங்களின் உலர் எடை) என்று சொல்லும் வரையிலான வேலை இதில் இருக்கிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. காலி அட்டவணையை முதலில் வரையுங்கள்

ஆய்வேட்டில் வரப்போகும் முடிவு அட்டவணையை, எண்கள் எதுவும் இல்லாமல், இன்றே ஒரு தாளில் வரையுங்கள். நெடுவரிசைகளுக்குத் தலைப்பு எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது எது? ஒரு மரமா, ஒரு பரப்பா, ஒரு சரிவா?

இதற்குப் பதில் சொல்லத் திணறினால் ஆய்வுக் கேள்வி இன்னும் உருவாகவில்லை என்று பொருள். உதாரணமாக, ‘காட்டுப் பாதை வெட்டியதால் அதன் கீழ்ச்சரிவில் மரங்கள் குறைந்திருக்கின்றனவா?’ என்பது உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். புதியவர் ஒரே பாதையின் ஓரமாக 30 பரப்புகள் அளந்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை 30 என்று எழுதுவார். அந்த ஒரு பாதையைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். பாதைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அவருடைய மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் பிழைக்குப் ‘போலி மறுநிகழ்வு’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். இன்றும் ஆய்வேடுகளில் இது தவறாமல் தலைகாட்டுகிறது. பல பாதைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில பரப்புகள் எடுப்பதே சரி. இதைக் களம் முடிந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. காட்டை நிர்வகிப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். நுழைய அனுமதி தந்துவிட்டார்கள் என்பதால் மரத்தில் ஆணி அடிக்கலாம், மண் தோண்டலாம், இலைக்கிளை வெட்டி எடுத்து வரலாம் என்று ஆகாது. மூன்றையும் விண்ணப்பத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். அனுமதி வரத் தாமதமாகும் என்பதால் இந்த வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும்.

கருவிகள்: விட்ட நாடா (தண்டைச் சுற்றினால் விட்டத்தையே காட்டுவது), 30 மீட்டர் இழை நாடா, சாய்வுமானி, திசைகாட்டி, ஜி.பி.எஸ்., சரியாக 1.3 மீட்டர் நீளமுள்ள குச்சி, மையக் கம்பம், சுண்ணக்கட்டி, ஈரம் தாங்கும் தாள், பென்சில். பேனா வேண்டாம், முதல் தூறலிலேயே மை கரைந்து ஓடும். எண்களைப் பதியக் கைப்பேசிச் செயலி வைத்திருந்தாலும் தாளும் கூட வரட்டும்.

ஆட்கள் மூன்று பேர்: இருவர் அளக்க, ஒருவர் எழுத. எழுதுகிறவர் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘பதினேழா, இருபத்தேழா?’ என்ற சந்தேகம் மரத்தடியிலேயே தீர்ந்துவிடும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வெளியில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. பரப்பின் அளவும் எண்ணிக்கையும்

வட்டப் பரப்புக்கு ஒரு மையமும் ஒரு ஆரமும் போதும். சதுரத்தில் நான்கு மூலைகளையும் செங்கோணமாக நிறுத்த வேண்டும். புதர் மண்டிய சரிவில் அது அரை நாள் வேலை. 12.62 மீட்டர் ஆரம் எடுத்தால் 500 சதுர மீட்டர் கிடைக்கும். 17.84 மீட்டர் என்றால் 1,000 சதுர மீட்டர். இளமரங்களும் வேண்டுமென்றால் அதே மையத்தில் 5.64 மீட்டர் ஆரத்தில் 100 சதுர மீட்டர் உள்வட்டம் போடுங்கள். 10 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ளவை பெரிய வட்டத்திலும், 5 முதல் 10 செ.மீ. வரை உள்ளவை சிறிய வட்டத்தில் மட்டும் அளக்கப்படும். காரணம் எளிது: சிறிய மரங்கள் நிறைய இருக்கும், எல்லாவற்றையும் அளப்பது வீண் உழைப்பு.

எத்தனை பரப்பு என்பதை ‘முன்பு படித்த சீனியர் 20 எடுத்தார்’ என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் ஐந்தாறு பரப்புகளை முன்னோட்டமாக அளந்து, மாறுபாட்டுக் கெழுவைக் கணக்கிடுங்கள். அதாவது திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அந்தக் கெழுவை டி-மதிப்பால் (புள்ளியியல் அட்டவணையில் பார்க்கும் எண், இங்கே ஏறத்தாழ 2) பெருக்கி, நீங்கள் ஏற்கும் பிழைச் சதவீதத்தால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தினால் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். கெழு 40 சதவீதம், ஏற்கும் பிழை 20 சதவீதம் என்றால் சுமார் 18 பரப்புகள். பிழையை 10 சதவீதமாகக் குறைக்க ஆசைப்பட்டால் எண்ணிக்கை 60ஐத் தாண்டும். பிழையைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்கு. இந்தக் கணக்கை வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினால் ‘ஏன் இவ்வளவு குறைவு?’ என்ற கேள்வி பாதியில் நின்றுவிடும்.

4. இடங்களைக் கணினியில் தேர்ந்தெடுங்கள்

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் காட்டின் எல்லையை வரைந்து, அதற்குள் புள்ளிகளை அதுவே தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள். அல்லது தொடக்கப் புள்ளியை மட்டும் தற்செயலாக எடுத்துச் சம இடைவெளியில் வலை போடுங்கள். வரைபடம் மீட்டர் அளவிலான ஆயமுறையில் இருக்க வேண்டும். பாகையில் வைத்துக்கொண்டு ‘100’ இடைவெளி கேட்டுவிட்டு, ஏன் ஒரு புள்ளிகூட விழவில்லை என்று ஒரு மாணவர் மதியம் வரை விழித்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

காடு ஒரே மாதிரி இல்லையென்றால் முதலில் வகை பிரியுங்கள்: உயரம், சரிவின் திசை, விதானத்தின் (மரத்தலைகள் சேர்ந்த கூரையின்) அடர்த்தி. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடர்ந்த காட்டையும் திறந்த காட்டையும் பிரிக்க அது போதும்.

அடுத்து, விதிவிலக்குகளை இப்போதே எழுதுங்கள். புள்ளி பாறைமுகட்டில் விழுந்தால் என்ன செய்வது? ஓடைக்குள் விழுந்தால்? காட்டின் ஓரத்தில் விழுந்து வட்டத்தின் பாதி வெளியே போனால்? போக முடியாத புள்ளிக்குப் பதிலாக முன்கூட்டியே எடுத்த மாற்றுப் பட்டியலில் அடுத்த புள்ளி என்று வைக்கலாம். ‘அப்படியே கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டோம்’ என்பது மட்டும் கூடாது. தள்ளும்போது மனிதர்கள் எப்போதும் நடக்க வசதியான, பெரிய மரங்கள் நிற்கும் பக்கமாகவே தள்ளுவார்கள். நான் உட்பட.

5. ஒரு பயிற்சி நாள்

அளவை விதிகளை இரண்டு பக்கத்தில் எழுதி, மூவரும் படித்துவிட்டு, எளிதில் போகக்கூடிய ஏதாவது ஒரு தோப்பில் ஒரு முழுப் பரப்பை அளந்து பாருங்கள். அதே 20 மரங்களை ஆளுக்கொரு முறை, மற்றவர் எண்ணைப் பார்க்காமல் அளக்க வேண்டும். விட்டத்தில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் இருவரும் வேறு வேறு உயரத்தில் அளக்கிறீர்கள். அதை இங்கே தீர்த்துவிட்டுப் போங்கள்.

6. மையத்தை அடைதல்

அடர்ந்த விதானத்தின் கீழ் கைக்கருவி ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் தவறு காட்டுவது சாதாரணம். திரையில் தூரம் பூஜ்ஜியமாகும் வரை சுற்றிச் சுற்றி நடந்தால் கடைசியில் புதர் இல்லாத இடத்தில்தான் போய் நிற்பீர்கள். அதனால் புள்ளிக்கு 20 மீட்டர் இருக்கும்போது நின்றுவிடுங்கள். ஜி.பி.எஸ்.ஸைச் சில நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எடுங்கள். மீதித் தூரத்தையும் திசையையும் அதிலிருந்து படித்து, திசைகாட்டியும் நாடாவும் கொண்டு நேராகப் போங்கள். முள்ளுக்குள் முடிந்தால் முள்ளுக்குள்தான் மையம்.

கம்பத்தை நட்டபின் ஆய எண்ணை மறுபடியும் பதிவு செய்யுங்கள். திட்டமிட்ட இடமும் உண்மையில் அளந்த இடமும் இரண்டு தனி நெடுவரிசைகள்.

7. சரிவைத் திருத்துதல்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஹெக்டேர் என்பது வரைபடத்தில் பார்க்கும் கிடைப்பரப்பு. சரிவான நிலத்தில் நாடாவைத் தரையோடு பிடித்து 12.62 மீட்டர் அளந்தால், மேலிருந்து பார்க்கும்போது வட்டம் சுருங்கிவிடும். 30 பாகைச் சரிவில் 500 சதுர மீட்டர் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 433 சதுர மீட்டர்தான். ஹெக்டேருக்கான உங்கள் எண்கள் எல்லாமே 13 சதவீதம் குறைவாக வரும். செங்குத்தான இடங்களில் மரம் குறைவு என்ற ‘கண்டுபிடிப்பு’ பல நேரம் இந்த நாடாவிலிருந்து பிறந்ததுதான். என் முதல் களப்பணியில் 11 பரப்புகளை இப்படி அளந்துவிட்டு, கோணமும் குறிக்காததால் 11ஐயும் திரும்பப் போய் அளந்தேன்.

திருத்தம் சுலபம்: கிடைத்தூரத்தைக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் தரையோடு அளக்க வேண்டிய தூரம் வரும். 12.62 மீட்டர் ஆரத்துக்கு:

10 பாகை: 12.81 மீட்டர்
20 பாகை: 13.43 மீட்டர்
30 பாகை: 14.57 மீட்டர்
35 பாகை: 15.41 மீட்டர்

இந்தப் பட்டியலை ஒவ்வொரு பாகைக்கும் கணக்கிட்டு, அச்சிட்டு, எழுதும் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று பிழைகளைக் கவனியுங்கள். முதலாவது, பல சாய்வுமானிகளில் பாகை, சதவீதம் என இரண்டு அளவுகோல்கள் அருகருகே இருக்கும். 30 சதவீதம் என்பது 17 பாகைகூட இல்லை. 100 சதவீதம் என்பதே 45 பாகைதான். எந்தக் கோலைப் படிக்கிறோம் என்பதை எழுதும் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மலையின் பொதுச்சரிவை ஒருமுறை அளந்து எல்லாத் திசைக்கும் அதையே போடுவது. மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருத்தம் முழுதாக வேண்டும். சமஉயரக் கோட்டின் வழியே பக்கவாட்டில் போனால் திருத்தமே வேண்டாம். மையத்திலிருந்து அந்தந்த மரத்தை நோக்கிய கோணம்தான் கணக்கு. எல்லையிலிருந்து தெளிவாக உள்ளே நிற்கும் மரத்துக்கு இந்தத் தூரமும் கோணமும் அளக்கத் தேவையில்லை. ஓரத்து மரங்களுக்கு மட்டும் கட்டாயம்.

மூன்றாவது, எதிரே நிற்பவரின் முகத்தைக் குறிபார்ப்பது. அவர் உங்களைவிட ஒரு சாண் உயரம் என்றால் குறுகிய தூரத்தில் கோணம் நன்றாகவே மாறும். உங்கள் கண்ணின் உயரத்துக்குக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அதைக் குறிபாருங்கள்.

எல்லைக் கோட்டிலேயே நிற்கும் மரம் உள்ளேயா வெளியேயா? மார்பளவு உயரத்தில் (1.3 மீட்டர்) தண்டின் நடுப்புள்ளி உள்ளே இருந்தால் உள்ளே. தண்டின் விளிம்பு வரை மட்டும் அளந்து முடிவு செய்தால் தண்டின் பாதித் தடிமன் அளவுக்குத் தவறும். பெரிய மரங்களில் அது சிறியதல்ல.

8. விட்டம்

வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாகப் போங்கள். அளந்த மரத்தில், மையத்தைப் பார்த்த பக்கத்தில், சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. சுற்றி முடித்ததும் மையத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் கோடு இல்லாத மரம் கண்ணில் படும்.

விட்டம் எடுக்கும் உயரம் 1.3 மீட்டர். சில நாடுகளில் 1.37 மீட்டர் வழக்கம். உங்கள் தரவை யாருடைய தரவோடு ஒப்பிடப் போகிறீர்களோ அவர்கள் பயன்படுத்திய உயரத்தை எடுங்கள். ஆய்வேட்டில் அதை எழுதுங்கள். குச்சியை மரத்தின் மேற்சரிவுப் பக்கத்தில், சருகைத் தள்ளிவிட்டு மண்ணில் ஊன்ற வேண்டும். ‘என் சட்டையின் இரண்டாவது பொத்தான்தான் 1.3’ என்பவர்கள் உண்டு. அவர்கள் சரிவின் கீழ்ப்பக்கம் நின்றால் பொத்தானும் கீழே இறங்கிவிடுகிறது.

நாடா தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். சாய்ந்த மரத்தில் உயரத்தையும் சாய்வின் வழியே அளந்து, நாடாவையும் அதற்கேற்பச் சாய்த்துப் பிடியுங்கள். கொடி ஏறியிருந்தால் வெட்டாதீர்கள். தண்டிலிருந்து விலக்கி, நாடாவை அதன் அடியில் நுழைத்துச் சுற்றுங்கள். மரத்தின் பின்பக்கம் நாடா எப்படிப் போகிறது என்று அடுத்தவர் எட்டிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் நேராகத் தெரியும் நாடா பின்னால் ஒரு முடிச்சின் மேல் ஏறி நிற்பதை அளப்பவரால் பார்க்க முடியாது.

1.3 மீட்டருக்குக் கீழே கிளைத்தால் இரண்டு தண்டுகளாக அளந்து, ஒரே மர எண்ணின் கீழ் எழுதுங்கள். பலகை வேர் (அடித்தண்டிலிருந்து பலகைபோல் விரியும் வேர்) இருந்தால் அது முடியும் இடத்துக்கு மேல், விதித்தாளில் எழுதிய இடைவெளி விட்டு அளந்து, அந்த உயரத்தையும் குறியுங்கள். அதே பரப்புக்குப் பின்னாளில் திரும்ப வருவதாக இருந்தால் அளந்த இடத்தில் வண்ணம் பூசுங்கள். எண் தகட்டை அதிலிருந்து தள்ளி அடியுங்கள். ஆணி அடித்த இடம் வீங்கும். அந்த வீக்கம் மரம் வளர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

விட்ட நாடாவில் ஒரு பக்கம் விட்டம், மறுபக்கம் சாதாரணச் சென்டிமீட்டர். பக்கம் மாறிப் படித்தால் 30 செ.மீ. மரம் 94 ஆகிவிடும். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ பத்து மடங்காகும்.

9. உயரம்

எல்லா மரத்துக்கும் உயரம் எடுக்க நேரம் இருக்காது. பரப்புக்கு ஏழெட்டு மரங்களை, சிறியது முதல் பெரியது வரை பரவலாகத் தேர்ந்து அளந்து, விட்டத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடலாம். உச்சி நன்றாகத் தெரியும் மரங்களை மட்டும் எடுக்கிற ஆசையை அடக்குங்கள்.

மரத்தின் உயரம் எவ்வளவு இருக்கும் என்று தோன்றுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். நெருங்கி நின்றால் கோணத்தில் வரும் சிறு பிழையும் பெரிதாகும். அகன்ற தலையுள்ள மரத்தில் உங்களை நோக்கி நீண்ட பக்கக்கிளையை உச்சி என்று எண்ணிக் குறிபார்த்தால் உயரம் கூடுதலாக வரும். சாய்ந்த மரத்துக்கு அது சாயும் திசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

சதவீதக் கோலில் கணக்கு எளிது. கிடைத்தூரம் 20 மீட்டர், உச்சி +85, அடி −7 என்றால் வித்தியாசம் 92, உயரம் 18.4 மீட்டர். உங்கள் கண் மரத்தின் அடியைவிடத் தாழ்வாக இருந்தால் அடியின் எண்ணும் நேர்க்குறி ஆகும். அப்போது கழிக்க வேண்டும். குறியை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதி வந்த தாள்களை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

10. அன்று இரவே

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய தாள்களை அன்றே கணினியில் ஏற்றுங்கள், படமும் எடுத்து வையுங்கள். மறுநாள் என்றால் ‘இந்த 7 ஒருவேளை 1ஆ?’ என்பதற்கு விடை தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார். ஏற்றிய மூலக் கோப்பைத் தொடாதீர்கள். திருத்தமெல்லாம் அதன் நகலில்.

விட்டங்களின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். 0, 5 இரண்டும் மற்ற இலக்கங்களைவிட மிகுந்திருந்தால் யாரோ கண்ணால் மதிப்பிட்டு முழுமைப்படுத்துகிறார்கள். மறுநாள் காலை கிளம்பும் முன் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. பெயர் தெரியாத இனங்களுக்கு ‘தெரியாதது-1’, ‘தெரியாதது-2’ என்று எண் கொடுத்து, இலைமாதிரியில் அதே எண்ணைக் கட்டுங்கள்.

11. கணக்கு

வரிசை இதுதான்: மரம், பிறகு பரப்பு, பிறகு ஹெக்டேர், கடைசியில் சராசரி. 500 சதுர மீட்டர் வட்டத்தின் ஒவ்வொரு மரமும் ஹெக்டேருக்கு 20 மரங்களுக்குச் சமம். 100 சதுர மீட்டர் உள்வட்டத்து மரம் 100க்குச் சமம். இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவது அடிக்கடி பார்க்கும் தவறு.

உயிரித்திரளுக்கு, வெப்பமண்டல மரங்களுக்கென 2014இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படும் ஒரு சமன்பாடு இருக்கிறது. மரக்கட்டையின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்குங்கள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிராமில், விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில், விடை கிலோகிராமில். அடர்த்தி 0.6, விட்டம் 30, உயரம் 20 என்றால் சுமார் 580 கிலோ. இதில் 0.47 பங்கைக் கார்பன் என்று கொண்டால் சுமார் 273 கிலோ. ஊசியிலைக் காட்டிலோ குளிர்நாட்டுக் காட்டிலோ இந்தச் சமன்பாடு செல்லாது. அங்கங்கே உரியதைத் தேடுங்கள்.

இதே மரத்தில் விட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் விடை 6.6 சதவீதம் கூடும். உயரம் இரண்டு மீட்டர் கூடினால் கிட்டத்தட்ட 10 சதவீதம். எந்த அளவையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

சராசரியையும் திட்டப்பிழையையும் பரப்புகளை வைத்தே கணக்கிடுங்கள். 18 பரப்பில் 600 மரம் இருந்தாலும் மாதிரி எண்ணிக்கை 18தான். 600 என்று போட்டால் பிழை அழகாகச் சுருங்கும், பொய்யாக. கேள்வி பாதைகளைப் பற்றியது என்றால் பரப்புகளையும் பாதைவாரியாகச் சேர்த்துவிட்டு, பாதைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட வேண்டும். முதல் நாள் வரைந்த காலி அட்டவணையை எடுத்து, ஒரு வரி என்பது எது என்று அதில் எழுதியிருப்பதை இங்கே ஒருமுறை பாருங்கள்.

முறைமை அத்தியாயத்தில், போக முடியாமல் விட்ட புள்ளிகள் எத்தனை, எதனால், அவற்றுக்குப் பதிலாக எவை என்று எழுதுங்கள். செங்குத்துப் பாறைகளெல்லாம் விடுபட்டிருந்தால் உங்கள் முடிவு நடந்து போகக்கூடிய காட்டுக்கு மட்டுமே பொருந்தும். அந்த வரம்பும் அதே பத்தியில் வரட்டும்.